மச்சாள் என்றால் இரண்டு பேர்

முதல் நாளே என் கையைத் தட்டிவிட்டாள். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தட்டிவிட்டாள். லண்டன் பிளேஸ்டோவில் ஒரு தேவாலய மண்டபம், அந்தோனியார் திருநாள். மேடையில் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள், நான் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து சவுண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து வந்தவள் என் கையை ஒதுக்கிவிட்டு எக்கோ குமிழைக் கடைசிவரை குறைத்தாள்.

"சிஸ்டர், தொடாதீங்க," என்றேன்.

"நான் சிஸ்டர் இல்லை. எனக்குக் கலியாணம் முடிஞ்சுது."

எங்கள் திண்டுக்கல் பக்கத்தில் முன்பின் தெரியாத பெண்ணை மரியாதையாகக் கூப்பிடுவதென்றால் சிஸ்டர்தான். கோயில் மண்டபத்தில் வைத்து அப்படிக் கூப்பிட்டால் யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குக் கன்னியாஸ்திரி என்று கேட்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

"பிள்ளையள் பாடுறது கேக்கேல்லை அண்ணை. உங்கடை மெஷின் பாடுறதுதான் கேக்குது. ஒண்டைக் குறையுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மைக் செட் கடையில் வளர்ந்தவன். எங்கள் பக்கம் எக்கோ இல்லாமல் ஒருவர் பேசினால் ஆம்ப்ளிபையர் ரிப்பேர் என்று நினைத்துக்கொள்வார்கள். லண்டனில் வாரநாட்களில் ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதினாலும், சனி ஞாயிறுகளில் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்தால்தான் எனக்கு ஒழுங்காக மூச்சு வரும். அப்படிப்பட்டவனிடம் வந்து எக்கோவைக் குறை என்றால்?

ஆனால் பிள்ளைகளின் பாட்டு அதன்பிறகுதான் விளங்கியது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்கென்ன கிறுக்கா?

அவள் இல்ஃபோர்டில் இருந்தாள். பள்ளிக்கூடம் ஒன்றில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் உதவி ஆசிரியை. கணவருக்கு ரயில்வேயில் ஷிப்ட் வேலை. நல்ல மனிதர், நான் பார்த்த நேரமெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தார். தமிழ்ப் பூசைக்கு அவள்தான் கீபோர்டு வாசிப்பாள். அதையும் இரண்டு விரலால் வாசிக்கிற மாதிரி, அவ்வளவு சிக்கனமாக வாசிப்பாள். சில பெரியவர்கள் ஃபாதரிடம் போய், அந்தப் பிள்ளைக்குச் சரியாக வாசிக்கத் தெரியாதோ என்று கேட்டதாகக் கேள்வி.

அவள் யார் என்பதை எனக்குச் சொன்னது என் ஆபீசில் வேலை பார்த்த ஒரு பிரெஞ்சுக்காரன். திருநாள் படங்களை நான் போனில் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தபோது, கேக் வெட்டுகிற கூட்டத்தின் ஓரத்தில் நின்றவளைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "மஷால்! இவள் மஷாலில் பாதி!" என்றான்.

மஷால் என்று அவன் சொன்னது மச்சாளை. பாரிஸில் வளர்ந்த இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள் சேர்ந்து மின்னிசை செய்தார்கள், அந்த ஜோடிக்கு 'மச்சாள்' என்று பெயர் வைத்தார்கள். இவளுக்கு அவள் மாமன் மகள், அவளுக்கு இவள் அத்தை மகள். பேட்டி எடுக்க வந்த பிரெஞ்சுக்காரர்கள் எல்லாரும் "சகோதரிகளா?" என்று கேட்பார்களாம், இருவரும் ஒரே குரலில் "இல்லை, மச்சாள்" என்பார்களாம். அந்த மொழியில் அதற்குத் தனிச் சொல் கிடையாது. கடைசியில் அந்தச் சொல்லையே பெயராக ஆக்கிக்கொண்டார்கள்.

முதல் இசைத்தட்டு வந்தபோது பிரான்சில் நடனக் கிளப்புகளில் அதைப் போடாத இடமில்லை என்றான். இரண்டாவது தட்டோடு பெர்லின், பிரசல்ஸ் எல்லாம் சுற்றினார்கள். "மூன்றாவது வரவே இல்லை. நாங்கள் எல்லாரும் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறோம். அவளைக் கேட்டுச் சொல்," என்று என் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டான். அன்று இரவு வீட்டுக்குப் போகிற ரயிலில் அந்த இரண்டு தட்டுகளையும் கேட்டேன். எனக்கு முதலில் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த இசை பக்கத்து வீட்டில் யாரோ போட்ட பாட்டு மாதிரி இருக்கும். அடித்தாளம் மட்டும் தும் தும் என்று சுவரைத் தாண்டி வரும். கணீர் என்று ஒன்றுமே கேட்காது. இயர்போனில் அழுக்கு அடைத்துக்கொண்டதோ என்று கழற்றித் துடைத்துப் பார்த்தேன். நாலைந்து நிமிடம் இப்படியே போகும். திடீரென்று யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி எல்லா ஒலியும் பளிச்சென்று உள்ளே வரும். நாலு அடி அடிப்பதற்குள் கதவு மூடிக்கொள்ளும். அந்த நாலு அடிக்காக நான் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டேன்.

இதைப் பற்றிப் பிறகு அவளிடம் கேட்டேன். "அது நாங்கள் கண்டுபிடிச்சதில்லை," என்றாள். பாரிஸ் புறநகரில் அடுக்குமாடியில் இருந்தார்களாம். பக்கத்து வீட்டுப் பையன்கள் சனிக்கிழமையானால் பாட்டுப் போட்டு ஆடுவார்கள். இவர்களை எந்தக் கிளப்புக்கும் வீட்டில் விடமாட்டார்கள். "சுவரிலை காதை வைச்சுக் கேப்பம். அதுதான் பாட்டெண்டு நினைச்சம். கிளப்புக்கு உள்ளை முதல் தரம் போனதே நாங்கள் வாசிக்கப் போன அண்டைக்குத்தான். அங்கை போய்க் கேட்டால் ஒரே இரைச்சல்!"

மேடையிலும் அவர்கள் சனங்களைப் பார்த்து நிற்பதில்லை. துணி அயர்ன் பண்ணுகிற நீள மேசை ஒன்றை நடுவில் போட்டு, அதன்மேல் இருவரின் கீபோர்டுகளையும் வைத்து, இருபக்கமும் நேருக்கு நேர் நின்று வாசிப்பார்கள். ஆரம்பத்தில் வேறு மேசை இல்லை. பிறகு வாங்க வசதி வந்தபோதும் அதை மாற்றவில்லை. இவள் விட்ட இடத்தில் அவள் வாசிப்பாள், அவள் விட்ட இடத்தில் இவள். பாட்டில் பாதி ஒருத்தி கையில், மீதி மற்றவள் கையில். ஒருத்தி வாசிப்பதைத் தனியாகக் கேட்டால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும்.

"ஒண்டைக் குறையுங்கோ" என்பதை அவள் எல்லாவற்றுக்கும் சொல்வாள். ஒருமுறை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்து, என் மனைவி வைத்த சாம்பாரை ருசி பார்த்துவிட்டு, "அக்கா, நல்லாயிருக்கு. இதிலை ஒண்டைக் குறைச்சிருக்கலாம்," என்றாள். எதை என்று சொல்லவில்லை. என் மனைவி அதற்கப்புறம் ஒரு மாதம், உப்பா புளியா பெருங்காயமா என்று என்னைப் போட்டு வறுத்தெடுத்தாள். அவள் யார் மனதையும் நோகடிக்க நினைத்தவளல்ல. ஆனால் ஒன்று கூடுதலாக இருக்கிறது என்று தோன்றிவிட்டால் அவளால் சும்மா இருக்க ஏலாது. அந்தக் குணத்தால்தான் மூன்றாவது தட்டு நின்றது, மச்சாளும் விலகிப் போனாள்.

நடந்தது இதுதான். தட்டை வெளியிடும் கம்பெனி, உங்கள் நாட்டு ஒலி ஏதாவது சேருங்கள், வீணையோ புல்லாங்குழலோ என்று கேட்டிருக்கிறது. இவள் முடியாது என்றாள். "எங்கடை முகத்தைப் பாத்தாலே தெரியுதே, பிறகென்னத்துக்கு வீணை?" என்றாளாம். ஒருநாள் கம்ப்யூட்டரைத் திறந்தால், ஒரு பாட்டில் ஆர்மோனியம் சேர்ந்திருக்கிறது. கம்பெனிக்காக மச்சாள் விலைக்கு வாங்கிச் சேர்த்த, யாரோ வாசித்த ஒலி என்று நினைத்து அழித்துவிட்டாள். வழக்கம்போல் அழித்ததைத் திரும்ப எடுக்க முடியாதபடி முழுதாகவே அழித்தாள். அது அவளுடைய மாமா, அதாவது மச்சாளின் அப்பா, வாசித்தது. பாரிஸில் தமிழ்ப் பூசைக்குக் காலமெல்லாம் ஆர்மோனியம் வாசித்தவர் அவர். அதை வாசித்துக் கொடுத்த கொஞ்ச நாளில் பக்கவாதம் வந்து கை விழுந்துவிட்டது. மச்சாள் இவளோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். இவள் கல்யாணமாகி லண்டனுக்கு வந்தபோதும் ஒரு வார்த்தை இல்லை.

"தெரியாமத்தானே அழிச்சீங்க?" என்று கேட்டேன், ஆறுதலாக.

"தெரிஞ்சிருந்தாலும் அழிச்சிருப்பன். அந்தப் பாட்டுக்கு அது கூடாது."

அன்றைக்கு எனக்கு அவளைக் கண்டு பயமாக இருந்தது. மனிதருக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது என்று நினைத்தேன். அவள் முகத்தில் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வருத்தத்துக்காக ஒரு பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஹாக்னியில் ஒரு ஹாலில் 'மச்சாள்' ஜோடி வந்து வாசிக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்று சொல்லிவிட்டாள்! மச்சாளுக்கு நாளையும் இடத்தையும் போனில் எழுதி அனுப்பினாள். படித்ததற்கு அடையாளமாக நீலக் கோடு விழுந்தது. பதில் விழவில்லை. பழைய கம்பெனி இதைக் கேள்விப்பட்டு, தனியாகவே வாசி, பெயர் அதே இருக்கட்டும், பாடுவதற்கு ஒருத்தியைச் சேர்த்துத் தருகிறோம், தட்டும் போடுவோம் என்றது. நல்ல வாய்ப்புதானே என்று நானும் சொன்னேன்.

"அது பேரில்லை அண்ணை, முறை," என்றாள். "தனிய நிண்டு நான் ஆருக்கு மச்சாள்? அதுக்கு மற்றவள் வேணும். இரண்டு பேர் எண்டால் இரண்டு பேர்தான். அவள் வராட்டில் இது இதோடை முடிஞ்சுது. ஆனா வருவாள்."

"வரலைன்னா?"

"வருவாள்."

சவுண்டுக்கு நான் என்று முடிவானது. அதிலும் ஒரு கூத்து. "நாங்கள் அடுத்த சனிக்கிழமை வீட்டிலை வாசிச்சுப் பாப்பம்," என்றாள். எங்கள் பேச்சில் நாங்க என்றால் கேட்கிறவனைச் சேர்க்காது, அவனையும் சேர்த்தால் நாம. சரி, மச்சாளிடமிருந்து பதில் வந்துவிட்டது போல, இருவருமாக வாசிக்கப் போகிறார்கள், அங்கே நமக்கென்ன வேலை என்று மனது சுருங்கி, தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பிறந்தநாள் விழாவுக்கு மைக் வைக்கப் போய்விட்டேன். கேக் வெட்டுகிற நேரத்தில் போன் வந்தது.

"எங்கை நிக்கிறியள்? கேபிள் எல்லாம் உங்களிட்டை, நான் சும்மா இருக்கிறன்!"

"நீங்க 'நாங்கள்'னுதானே சொன்னீங்க?"

"ஓம். நாங்கள்தான். நீங்களும் நானும். வேறை ஆர்?"

அவர்கள் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தானாம். ஒரு வாரமாக நான் வீணாக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கேபிளோடு வீட்டுக்குப் போய் அதைச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த கணவரே எழுந்து வந்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. அவளுடைய நாங்களில் நானும் உண்டு என்பது சின்ன விஷயமில்லை.

நாள் நெருங்க நெருங்க ஹால் மேனேஜருக்குப் படபடப்பு. அவள் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நல்ல யோசனையாகத்தான் சொன்னாள்: மற்றவர் வாசிக்கும் பகுதிகள் பழைய தட்டில் இருக்கின்றனவே, அதை லேப்டாப்பில் ஓடவிடலாம், இப்போது எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்? நானும் தலையாட்டினேன்.

"ஏலாது. அவள் வந்தால் அவள் வாசிப்பாள். வராட்டில் அந்த இடம் சும்மா இருக்கும்."

"டிக்கெட் வாங்கினவங்க அடிக்க வருவாங்க," என்றேன்.

"வரட்டும்."

சனிக்கிழமை சாயங்காலம் ஹால் நிறைந்துவிட்டது. என் ஆபீஸ் பிரெஞ்சுக்காரன் முதல் ஆளாக வந்து என் மிக்ஸர் பக்கத்தில் நின்றுகொண்டான். மேடையில் அயர்ன் பண்ணுகிற மேசை, இந்தப் பக்கம் இவள் கீபோர்டு, அந்தப் பக்கம் மச்சாளுக்கென்று இன்னொரு கீபோர்டு. அதற்கும் கரண்ட் கொடுத்திருந்தோம். "அவளின்ரை சத்தத்தையும் திறந்து வையுங்கோ," என்று சொல்லியிருந்தாள். ஆளில்லாத கீபோர்டுக்கு ஒலியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மைக் செட்டுக் காலத்திலிருந்து இன்றுவரை நான் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. அவள் வாசலைப் பார்த்தபடியே நின்றாள். நேரமானதும் மேனேஜர் கைகாட்டினாள். மச்சாள் வரவில்லை.

அவள் தன் பாதியை மட்டும் வாசித்தாள். தும் தும் என்று தாளம் வரும், நிற்கும், ஒன்றுமே இருக்காது, மறுபடி வரும். கதவு திறக்க வேண்டிய இடத்தில் கதவு திறக்கவில்லை. முதல் பாட்டு முடிவதற்குள் பாதி ஹால் திரும்பி என்னைத்தான் பார்த்தது. உலகத்தில் எங்கே எது கேட்காவிட்டாலும் பழி மைக் செட்டுக்காரன் தலையில்தானே! ஒருவன் "சவுண்டைச் சரிபண்ணு!" என்று கத்தினான். சிலர் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். அவள் நிமிரவே இல்லை. எதிர்ப்பக்கத்தைப் பார்த்து, ஆள் நிற்பதுபோலத் தலையசைத்து, இடம்விட்டு, காத்திருந்து வாசித்தாள்.

இரண்டாவது பாட்டில் ஓரிடத்தில் தவறிவிட்டாள். மச்சாள் வாசித்து முடிக்கும் இடத்தில் இவள் உள்ளே வர வேண்டும். அங்கே வாசிக்க ஆளில்லை. ஒரு அடி பிந்தி வந்தாள். எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

கடைசிப் பாட்டில் ஹால் முழுக்கச் சேர்ந்து மச்சாளின் பகுதியைப் பாடியது என்று எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. பக்கத்தில் பிரெஞ்சுக்காரன் மட்டும் அந்த இடங்களைத் தனக்குள் முனகிக்கொண்டிருந்தான், அதுவும் சுருதி சேராமல். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும்தான். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திறந்து வைத்த சத்தத்தில் ஒன்றுமே வராமல் இருப்பதைக் கேட்டுக்கொண்டே இருந்தால் மனிதனுக்கு ஏதோ ஆகிவிடுகிறது.

கேபிள் சுற்றிக்கொண்டிருந்தபோது வந்தாள். "பதிவு செய்தியளோ?"

"ஆமா, எல்லாமே இருக்கு. அந்த ரெண்டாவது பாட்டுல மட்டும் ஒரு சின்ன இடம். ஒரு நிமிஷ வேலை, நகர்த்தி வச்சுடறேன்."

"வேண்டாம். வெட்டாதேங்கோ, ஒட்டாதேங்கோ. இருக்கிறபடி அவளுக்கு அனுப்புங்கோ."

"அது தப்புங்க. யாரு கேட்டாலும் தெரியும்."

"தெரியட்டும்."

விரல் அரித்தது. ஒரே ஒரு அடி, யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் பக்கத்திலேயே நின்றாள். அனுப்பினேன்.

மறுநாள் காலை, அவளுடைய கீபோர்டுகளைக் கொடுத்துவிட்டுப் போக இல்ஃபோர்டுக்குப் போனேன். சமையலறையில் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். இரவெல்லாம் தூங்காத முகம். "பதில் இல்லை," என்றாள், நான் கேட்பதற்கு முன்பே. "சரி. முடிஞ்சுதெண்டால் முடிஞ்சுது. என்ரை பாதியை நான் வாசிச்சிட்டன்." அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்ததை அன்றுதான் முதலும் கடைசியுமாகக் கேட்டேன். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது ஜன்னலோரம் இருந்த போன் அடித்தது. அதில் தெரிந்த பெயரைப் பார்த்து அவள் அப்படியே நின்றாள். கை முழுக்க மா. "அமத்துங்கோ அண்ணை," என்றாள். அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன்.

வணக்கமில்லை, சுகம் விசாரிக்கவில்லை. "ரெண்டாவது பாட்டிலை பிந்தி வந்தனீ," என்றது போன்.

"ஓம்."

"ஏன்?"

"நீ வாசிக்கேல்லை. எங்கை உள்ளை வாறதெண்டு தெரியேல்லை."

அந்தப் பக்கம் டெலிவிஷன் சத்தமும், யாரோ இருமுவதும் கேட்டது. இவள் மாக்கையோடு மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சாள், நான் பிழை விட்டிட்டன். பாட்டிலை இல்லை. மாமா வாசிச்சதை அழிச்சது பிழை. அந்தப் பாட்டுக்கு அது கூடாதுதான். எண்டாலும் உன்னட்டைக் கேக்காமல் அழிச்சது பிழை."

மன்னிப்புக் கேட்கும்போதுகூட அந்தப் பாட்டுக்கு அது கூடாது என்பதை விட்டுக்கொடுக்கிறாளா பாருங்கள்! நான் தலையில் அடித்துக்கொண்டேன். எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது, அழுகையும் சேர்ந்த சிரிப்பு.

"அப்பாவுக்கு இப்ப கை கொஞ்சம் அசையுது."

"எவ்வளவு?"

"எவ்வளவெண்டு போனிலை என்னெண்டு சொல்லுறது? வந்து பாரன்."

போனை வைத்துவிட்டார்கள். அவள் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். உள்ளே போய்ப் பாஸ்போர்ட்டை எடுத்து வந்தாள். கொக்கியிலிருந்த கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"அண்ணை, ஸ்டேஷனிலை விடுவியளோ? அங்கையிருந்து மாறி, பாரிஸ் ரயிலைப் பிடிப்பன்."

"இப்பவா?"

"பின்னை எப்ப?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்துவிட்டாள். காலில் இன்னும் வீட்டுச் செருப்பு.